ஐந்து நட்சத்திர வண்டியும் ஒரு பொத்தானும்

அன்பு மகள் பாப்பாவுக்கு உன் சித்தப்பா எழுதிக்கொள்வது. இங்கே எல்லோரும் இருக்க வேண்டிய அளவுக்கு நலமாக இருக்கிறோம், நான் மட்டும் வழக்கம்போல அதற்கு மேலேயும் கொஞ்சம் நலம். அங்கே உன் நலம் எப்படி என்று கேட்டு எழுதுவதுதான் முறை, ஆனால் அன்றைக்குப் போனில் உன் குரலைக் கேட்ட பிறகு அதை முறைக்காகக் கேட்க மனம் வரவில்லை, உண்மையாகவே கேட்கிறேன், சாப்பிடுகிறாயா, தூங்குகிறாயா, கண்ணை மூடினால் அந்த வளைவு வந்து நிற்கிறதா. போனிலேயே பதில் சொல்லியிருக்கலாம், ஆனால் நான் வாயைத் திறந்தால் எனக்கே தெரியாமல் கதை நீண்டு நடுக்கடலுக்குப் போய்த் திமிங்கிலத்தோடு திரும்பி வரும் என்பது உனக்குத் தெரியாததா. பேனா பிடித்தால் கொஞ்சம் நிதானம் வரும். எட்டாம் வகுப்பை மூன்று வருஷம் படித்தவன் நான், அந்த வகுப்பை என்னைவிட ஆழமாகப் படித்தவர் எவரும் இந்த ஊரில் கிடையாது, ஆகையால் எழுத்துப் பிழை கண்ணில் பட்டால் அது உன் கண்ணின் கோளாறு என்று வைத்துக்கொள்.

வீட்டுச் செய்தியை முதலில் சொல்லிவிடுகிறேன். உன் அம்மாவுக்கு முழங்கால் வலி எவ்வளவோ தேவலை, காலையில் பூங்காவை இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டு வந்து மூன்று என்று சொல்கிறார், அந்தப் பழக்கம் என்னிடமிருந்துதான் தொற்றியது என்கிறாள் உன் சித்தி. சித்திக்குப் புதுக் கண்ணாடி வந்திருக்கிறது, அது வந்த நாளிலிருந்து என் சட்டைகளில் கறை அதிகமாகிவிட்டது. உன் அப்பா லேத் பட்டறையில் அதே இடத்தில் அதே ஸ்டூலில், மயிரிழை பிசகினாலும் அந்த உருப்படியைத் தூக்கிக் குப்பையில் வீசிவிட்டு வேறு இரும்பு எடுக்கிறார். நம் டிரைவிங் ஸ்கூல் வண்டியின் பின்சீட்டில் ஒரு பூனை குட்டி போட்டுவிட்டது, மூன்று குட்டி, நான் வெளியில் ஐந்து என்று சொல்லியிருக்கிறேன், நீயும் யாராவது கேட்டால் ஐந்து என்றே சொல். புது மாணவராக முடிதிருத்தும் கடைக்காரர் சேர்ந்திருக்கிறார். கண்ணாடியில் பின்னால் வரும் லாரியைப் பார்க்கச் சொன்னால் பின்சீட்டில் இருப்பவரின் தலையைப் பார்த்து, “காதோரம் கொஞ்சம் எடுக்கணும் மாஸ்டர்” என்கிறார். நேற்று அவர் திருப்பிய திருப்பலில் ஒரு பேருந்தும் மதிற்சுவரும் எங்களுக்கு வழிவிட்டன, என் கால் மட்டும் பிரேக்கில் இல்லாவிட்டால் இந்தக் கடிதத்தை வேறு யாராவதுதான் எழுத வேண்டியிருந்திருக்கும்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். நீ அழுதுகொண்டே சொன்னதைச் சரியாகத்தான் பிடித்துக்கொண்டேனா என்று பார். மாலை, நல்ல மழை, அலுவலகம் விட்டு உன் புது வண்டியில் கிளம்பினாய். தரையோடு தரையாகப் படுத்திருக்கும் அந்த இரண்டு கதவுச் சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார், நீ படம் அனுப்பிய நாளிலிருந்து அதை அச்சுப்போட்டுச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு எதிரில் வருகிறவர்களை எல்லாம் நிறுத்திக் காட்டியிருக்கிறேன். ரவுண்டானாவை விட்டு வெளியே வரும் வளைவில் கொஞ்சம் ஆக்சிலேட்டரை அழுத்தினாய், வண்டியின் வால் வழுக்கி, வண்டியே சுழன்று முன்பக்கமாக நடைபாதையில் ஏறியது, வேலை முடித்துவிட்டு உருளையும் வாளியுமாகப் பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்த ஒரு பெயின்டரை அடித்தது. அவருக்கு வலது கால் முறிந்தது, தலையில் வீக்கத்தோடு போயிற்று. உனக்கு ஒரு கீறல்கூட இல்லை. இதுவரை வீட்டில் எல்லோருக்கும் தெரியும். தெரியாதது ஒன்று இருக்கிறது. சக்கரம் வழுக்க ஆரம்பித்தால் எஞ்சினைத் தானே அடக்கிப் பிடிக்கும் ஏற்பாடு அந்த வண்டியில் உண்டு, வளைவுகளில் அது வண்டியை நொண்டவைக்கிறது என்று எரிச்சலாகி, கிளம்பும்போது அதை நிறுத்தும் பொத்தானை நீதான் அமுக்கினாய். உன் அலுவலகத்துப் பக்கத்து நாற்காலிக்காரன், “அதை ஆஃப் பண்ணாத வரைக்கும் உன் வண்டி வெறும் ஆட்டுக்குட்டிதான்” என்று கிண்டல் செய்திருக்கிறான். இதை வக்கீலிடம் சொல்லவில்லை, அப்பாவிடம் சொல்லவில்லை, என்னிடம் மட்டும் சொன்னாய். வக்கீலோ, “பாதுகாப்புக்கு அஞ்சு நட்சத்திரம் வாங்கின வண்டி சாதாரண மழையில வழுக்குதுன்னா அது வண்டியோட குறைதான், நீங்க எதையும் தொடலைன்னு மட்டும் சொல்லுங்க, மிச்சத்தை நான் பாத்துக்கறேன்” என்கிறார். அதற்குத் துணையாக, உன்னைப் பழக்கியவன், பள்ளி நடத்துகிறவன், நிபுணன் என்ற முறையில், தவறு வண்டியின்மேல்தான் என்று நான் ஒரு சான்று எழுதித் தர வேண்டும் என்று கேட்டாய். நிபுணன் என்ற சொல் என்னை எங்கே தொடும் என்று தெரிந்துதான் போட்டாய், நீ என் பிள்ளைதான், சந்தேகமில்லை.

முதலில் எனக்கு வந்தது கோபம், அதுவும் வண்டியின்மேல். என் பிள்ளையை வழுக்கிவிட்ட வண்டியைச் சும்மா விடுவதா, அதன் குடலை உருவி மாலையாகப் போட்டுக் காட்டுகிறேன் என்று உன் சித்தியிடம் சபதமே செய்தேன். அவள், “முதல்ல ஸ்கூல் வண்டியோட வைப்பரை மாத்துங்க” என்றாள். நம் தெருமுனைப் பல் டாக்டர் உன் வண்டியையே வாங்கியிருக்கிறார், அதே கம்பெனி, அதே மாடல், நிறம் மட்டும் சாம்பல். வாங்கிய மறுநாளே என்னிடம் வந்து, “மாஸ்டர், இதை ஓட்ட எனக்குத் தைரியம் வரலை, பக்கத்துல உக்காருங்க” என்று கேட்டவர். அவரிடம் போய் விஷயத்தைச் சொன்னேன், பொத்தான் கதையை அல்ல, மழையில் வழுக்கிய கதையை மட்டும். மழைக்காகக் காத்திருந்தோம். ஒரு பிற்பகல் வானம் கிழிந்துகொண்டு ஊற்றியது, டாக்டர் கிளினிக்கைப் பூட்டிக்கொண்டு ஓடிவந்தார், நாற்காலியில் வாயைத் திறந்துகொண்டு இருந்தவர் இன்னும் திறந்தபடியே இருப்பதாகக் கேள்வி. மரச்சாமான் கிடங்குக்குப் பின்னால் லாரிகள் திரும்பும் பெரிய சிமெண்டுத் தளம் இருக்கிறது, அன்று கிடங்குக்கு விடுமுறை, ஈ காக்கை இல்லை, ஓரத்தில் ஒரு காலி பீப்பாய் மட்டும். நான்தான் ஓட்டினேன்.

பாப்பா, எத்தனையோ வண்டி ஓட்டியவன் நான், குறுகிய சந்தில் பாரவண்டியைப் பின்னுக்கு எடுத்தபோது இரண்டு பக்கமும் காற்றுக்கு மட்டும்தான் இடம் விட்டேன் என்று நீயே எத்தனை முறை என் வாயால் கேட்டிருக்கிறாய். ஆனால் இது வேறு ஜாதி மிருகம். முதல் தடவை ஏற்பாடு எல்லாம் வேலை செய்யும்படியே விட்டு, வளைவில் வேண்டுமென்றே அழுத்தினேன். வண்டி திணறியது, முனகியது, ஒரு விளக்கு சிமிட்டியது, எஞ்சின் மூச்சை அடக்கிக்கொண்டது, தெருவுக்கு ஓடப் பார்க்கும் குழந்தையின் மணிக்கட்டை அம்மா பிடித்துக்கொள்வதுபோலப் பிடித்துக்கொண்டு வளைவை முடித்துக் கொடுத்தது. மறுபடி அழுத்தினேன், மறுபடி பிடித்துக்கொண்டது. என் வாழ்க்கையில் இவ்வளவு மோசமாக நான் ஓட்டியதும் இல்லை, இவ்வளவு நல்லபடியாக வண்டி போனதும் இல்லை. குற்றவாளியைப் பிடிக்க வந்தவனுக்கு இது பெரிய ஏமாற்றம். பிறகு அந்தப் பொத்தானை ஒரு தட்டுத் தட்டினேன், ஒன்றும் ஆகவில்லை. டாக்டர் கையேட்டை மடியில் விரித்துவைத்துப் படித்துச் சொன்னார், தட்டினால் போதாது, அமுக்கிக்கொண்டே இருக்க வேண்டும். அமுக்கிப் பிடித்தேன். திரையில், இனி உங்கள் பொறுப்பு, சம்மதமா என்று கேட்டது, சம்மதம் என்று தொட்டேன். அப்புறம் அதே வளைவில், முன்பு அழுத்தியதில் பாதிகூட அழுத்தவில்லை, பின்பக்கம் என்னைக் கேட்காமலேயே முன்னால் வந்துவிட்டது. எங்கே இருந்து புறப்பட்டோமோ அந்தத் திசையைப் பார்த்தபடி நின்றோம், பீப்பாய் மட்டும் எங்கோ உருண்டு போய்க்கொண்டிருந்தது. நான் வேண்டுமென்றேதான் சுற்றினேன் என்று சொன்னேன். டாக்டர் கீழே விழுந்த மூக்குக்கண்ணாடியைத் தேடிக்கொண்டே, “இதுவும் பாடத்துல வருதா மாஸ்டர்” என்று கேட்டார். வருகிறது என்றேன், சொல்லிக்கொண்டே பொத்தானை மறுபடி அமுக்கி அந்த ஏற்பாட்டைத் திரும்ப எழுப்பிவிட்டேன்.

மழை விடும்வரை வண்டிக்குள்ளேயே உட்கார்ந்திருந்தோம். அந்த ஐந்து நட்சத்திரம் எப்படிக் கிடைக்கிறது என்று டாக்டரைக் கேட்டேன். வண்டிக்குள் மனிதன் எடையில் ஒரு பொம்மையை உட்காரவைத்து, சுவரில் மோதவிட்டு, பக்கவாட்டில் இடித்து, பொம்மையின் நெஞ்சு எவ்வளவு நசுங்கியது கழுத்து எவ்வளவு ஆடியது என்று அளந்து மதிப்பெண் போடுகிறார்களாம். எனக்கு ஒரு சந்தேகம் வந்தது, அந்தப் பொம்மை பொத்தான் எதையும் அமுக்காதே என்றேன். டாக்டர் கொஞ்சம் யோசித்துவிட்டு, “அமுக்காது மாஸ்டர், அதுகிட்ட இருக்கிற நல்ல குணமே அதுதான்” என்றார். ரோட்டில் நடக்கிறவரின் பாதுகாப்புக்கும் அதில் ஒரு மதிப்பெண் உண்டாம். யாராவது முன்னால் மோதினால் பானட்டின் பின்பக்கம் தானாகவே ஒரு சாண் எழும்பிக்கொள்ளும், தலை போய் எஞ்சின் இரும்பில் அடிக்காமல் மெத்தைபோலத் தாங்க. உன் வண்டியின் பானட் தூக்கிக்கொண்டு நிற்கிறது, அதையும் பழுது என்று வக்கீல் குறித்துக்கொண்டார் என்று நீ சொன்னாய் அல்லவா, அது பழுது இல்லை மகளே. அந்த மனிதரின் தலையை வண்டி காப்பாற்றியது. காலைக் காப்பாற்றுவது உன் பங்காக இருந்தது.

கம்பெனிக்காரர்களை நான் கட்டிப்பிடித்து முத்தம் கொடுக்கவில்லை. ரோட்டில் ஓடும் வண்டியில் அப்படி ஒரு பொத்தானை எதற்கு வைத்தாய் என்று அவர்களையும் கேட்கத்தான் வேண்டும், பந்தயத் தளத்துக்காக என்கிறது கையேடு, பந்தயத் தளம் எத்தனை பேர் வீட்டு வாசலில் இருக்கிறது. அவர்களுக்குத் தனியாக ஒரு கடிதம் எழுதப்போகிறேன், படித்ததும் அவர்கள் முதலாளி நாற்காலியை விட்டு எழுந்து நிற்பார். ஆனால் கத்தி செய்தவன் உறையும் செய்து, உறையைக் கழற்றும்போது இரண்டு முறை கேட்கவும் கேட்டிருக்கிறான். ஆட்டுக்குட்டி என்று எவனோ சொன்னதற்காக நீ கழற்றினாய். வண்டிக்குள் நடந்ததை எல்லாம் குறித்துவைத்துக்கொள்ளும் ஒரு பெட்டி இருக்கும், ஓட்டியவர் எதையும் தொடவில்லை என்று சொன்னாலும் பின்னால் வெளிவந்துவிடும் என்று டாக்டர் பொதுவாகச் சொன்னார். அந்தப் பயத்தில் இதை எழுதவில்லை, அப்படி ஒரு பெட்டி இல்லாவிட்டாலும் இதையேதான் எழுதியிருப்பேன். வண்டியா நீயா என்று வழக்கு இழுபட்டுக்கொண்டே போனால், முடிவு தெரியும்வரை அந்தப் பெயின்டர் யார் கதவைப் போய்த் தட்டுவார் என்று ஒரு நிமிஷம் நினைத்துப் பார்.

நம் ஸ்கூலின் வழக்கம் உனக்கு மறந்திருக்காது. நம் வண்டியில் எனக்கும் ஒரு பிரேக் உண்டு, எந்தப் பள்ளியிலும் உண்டு, ஆனால் வண்டி நின்ற ஒவ்வொரு தடவையும் “யாரு பிடிச்சது” என்று கேட்பது நம் பள்ளியில் மட்டும்தான். நான் பிடித்ததை மாணவர் தான் பிடித்ததாக நினைத்துக்கொண்டே வெளியே போனால், முதல் நாளே சுவரில் போய்த்தான் நிற்பார். பெரிய பெரிய ஆட்கள் எல்லாம் இந்தக் கேள்விக்குத் திணறுவார்கள், ஒரு வங்கி மேலாளர், “ரெண்டு பேரும் சேர்ந்துதான் பிடிச்சோம்னு வெச்சுக்கலாம் மாஸ்டர்” என்று பேரம் பேசினார். நீ ஒருத்திதான் ஒரு தடவைகூடப் பேரம் பேசவில்லை. லைசென்ஸ் சோதனை அன்றைக்கு நம் வண்டியில்தான் அதிகாரி என் இடத்தில் உட்கார்ந்தார், நான் பின்னால். சந்திப்பில் வண்டி அழகாக நின்றது, அவர் பாஸ் என்று எழுதப் பேனாவின் மூடியைக் கழற்றிவிட்டார். நீ பழக்கதோஷத்தில், “சார், அது நான் பிடிக்கலை, நீங்க பிடிச்சீங்க” என்றாய். அவர் தன் காலைக் குனிந்து பார்த்தார், எடுத்த பேனாவை மூடி, அடுத்த மாதம் வா என்று சொல்லிவிட்டார். வெளியே வந்து நான் தலையில் அடித்துக்கொண்டேன், “வாயை மூடிட்டு இருந்திருக்கக் கூடாதா” என்று கேட்டேன், நீ, “கேட்டா சொல்லணும்னு நீங்கதானே சொன்னீங்க சித்தப்பா” என்றாய். அவர் கேட்கவே இல்லையே என்றேன். நீ கேட்காமலேயே சொன்னாய். ஊருக்கெல்லாம் நீ முதல் தடவையே பாஸ் என்றுதான் இன்றுவரை அளந்துகொண்டிருக்கிறேன். எனக்குத் தெரிந்து நான் அளந்த கதைகளிலேயே, நடந்தது கதையைவிட உயர்ந்து நிற்பது அந்த ஒன்றில்தான்.

ஆகவே சான்று எழுதி இதோடு வைத்திருக்கிறேன், ஸ்கூல் முத்திரையும் குத்தியிருக்கிறேன். இவள் என்னிடம் வண்டி ஓட்டக் கற்றவள், நன்றாக ஓட்டுவாள், சம்பவத்தன்று வழுக்கல் தடுப்பைத் தானே நிறுத்திவிட்டு ஓட்டியதாக இவள் என்னிடம் சொன்னாள், அது இயங்கியிருந்தால் அந்த வளைவில் வண்டி வழுக்காமல் போயிருக்கும் என்பது அதே வண்டியை மழையில் ஓட்டிப் பார்த்த என் அபிப்பிராயம். அவ்வளவுதான். இந்தப் பள்ளியின் பெருமையைப் பற்றியோ என்னைப் பற்றியோ அதில் ஒரு வரி கிடையாது. உன் சித்தி புதுக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு முறை படித்துவிட்டு, என் நெற்றியில் கைவைத்து, “உடம்பு கிடம்பு சரியில்லையா” என்று கேட்டாள். வக்கீலிடம் கொடுப்பதும் கிழித்துப் போடுவதும் உன் கையில். வேறு மாதிரி எழுதித் தர என்னால் ஆகாது, எழுத வராமல் இல்லை, அந்த மாதிரி எழுத என்னைவிடக் கெட்டிக்காரன் பிறக்கவில்லை, ஆனால் இது பூனைக்குட்டிக் கணக்கு இல்லை. லைசென்ஸைச் சில காலம் பிடுங்கிவைப்பார்கள், பஸ்ஸில் போ. பஸ்ஸுக்கு நிற்கும் இடத்தில் நின்றால் அந்த வளைவு எப்படித் தெரிகிறது என்று நீயும் பார்க்கலாம்.

வக்கீலைக் கூட்டிக்கொள்ளாமல் ஆஸ்பத்திரிக்குப் போய் அந்தப் பெயின்டரைப் பார். முறிந்தது வலது கால் என்றாய், ஏணியில் நிற்கிறவருக்கு எந்தக் கால் முக்கியம் என்று எனக்குத் தெரியாது, தெரிந்த மாதிரி எழுத நினைத்து, பேனாவைத் தாளிலிருந்து எடுத்துவிட்டேன், அதை அவரிடமே கேள். அவர் திட்டினால் திட்டட்டும், உட்கார்ந்து கேட்டுக்கொள். பொத்தானை அமுக்கியதை அவர் உன் வாயால் முதலில் கேட்கட்டும், கோர்ட்டில் வேறு யார் வாயாலோ அல்ல.

இன்னொன்று, இதுதான் எல்லாவற்றையும்விடக் கஷ்டம். உன் அப்பாவிடம் சொல். இந்த வாய் ஒரு ரகசியத்தைத் தெருமுனைவரைக்கும்கூடச் சுமந்து போனதில்லை, சான்றைப் படித்த உன் சித்தியைத் தவிர யாருக்கும் தெரியாமல் உனக்காக இத்தனை நாள் கட்டிவைத்திருக்கிறேன், பல் வலிக்கிறது, டாக்டரிடம்கூடக் காட்ட முடியவில்லை, வாயைத் திறந்தால் சொல்லிவிடுவேன். தினமும் சாப்பிட உட்காரும்போது அண்ணன், “பாப்பா வேற என்ன சொன்னா” என்று கேட்கிறார். அங்கே நல்ல மழையாம் என்று சொல்கிறேன். தலையை ஆட்டிக்கொள்கிறார், மறுநாளும் கேட்கிறார். ஏதோ இருக்கிறது என்று அவருக்குத் தெரியும், என்னை நெருக்க மாட்டார், உன்னிடமிருந்து வர வேண்டும் என்று இருக்கிறார்.

உடம்பைப் பார்த்துக்கொள், ஒழுங்காகச் சாப்பிடு, பக்கத்து நாற்காலிக்காரனின் பேச்சை இனிமேல் ஒரு காதோடு நிறுத்திக்கொள். நீ நீண்ட ஆயுளோடு, பயமில்லாமல், யார் முகத்தையும் நேராகப் பார்க்கும்படி வாழ வேண்டும் என்று உன் அம்மாவும் சித்தியும் நானும் வாழ்த்துகிறோம். அப்பாவின் வாழ்த்தை நீ போனில் அவரிடமே வாங்கிக்கொள். மாலையில் அவர் பட்டறையிலிருந்து வந்து கை கழுவிவிட்டு உட்காரும் நேரமாகப் பார்த்துக் கூப்பிடு. முழுவதையும் சொல்லி முடி. சொல்லி முடித்ததும் அந்தப் பக்கம் சத்தமே இருக்காது, லைன் போய்விட்டது என்று நினைத்துப் போனை வைத்துவிடாதே. அவர் அங்கேதான் இருப்பார். காத்திரு.

இப்படிக்கு,
உன்மேல் உயிரையே வைத்திருக்கும்,
இந்த ஊரின் முதன்மை ஓட்டுநர் பயிற்சியாளரும்
(இரண்டாவது ஸ்கூல் இங்கே இல்லை)
உனக்கு எப்போதும் சித்தப்பாவும்.